பழைய பச்சை மரம்: எரிக்கலாமா, இழைக்கலாமா, எங்கே போடுவது?

ஜூன் 3, காலை (கேள்வி)

வேலிக் கம்பங்களும் மேடைப் பலகைகளுமாக ஒரு வண்டி பழைய மரம் பிரித்துப் போட்டிருக்கிறது. புதிதில் பச்சையாக இருந்தது, இப்போது சாம்பல் பூத்து வெளுத்துவிட்டது. இருபது வருஷத்துக்கு மேல் மழையில் நின்ற மரம். மரம் உளுக்காமல் இருக்க ஏற்றிய மருந்தெல்லாம் இத்தனை மழையில் கரைந்து போயிருக்கும் என்பது என் கணக்கு. விறகாக எரித்துவிட்டுச் சாம்பலைக் காய்கறிப் பாத்திக்குப் போடலாம்தானே? நன்றாக இருக்கிற பலகைகளை இழைத்து மறுபடி பயன்படுத்தவும் எண்ணம்.

ஜூன் 3, இரவு

எரிக்க வேண்டாம், ஒரு கட்டையைக்கூட. சாம்பலைப் பாத்திக்குப் போடுவது அதைவிட மோசம்.

வெளுத்த நிறத்தைப் பார்த்து மருந்து போய்விட்டது என்று நினைக்காதீர்கள். வெயில் மரத்தின் மேல்தோலில் நாரை ஒட்டிப்பிடிக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைக்கிறது, சிதைந்ததை மழை கழுவிவிடுகிறது. மிஞ்சிய நார்தான் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. இது ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குக்கூடப் போவதில்லை. கம்பத்தைக் குறுக்கே அறுத்த முகத்தைப் பாருங்கள். நடுவில் வைரம் (முற்றிய உள்மரம்) இருந்தால் அது மரத்தின் சொந்த நிறத்திலேயே இருக்கும். சுற்றியுள்ள வெள்ளைப் பகுதி பாசிப்பச்சை வளையமாக நிற்கும். மருந்து ஏற்றும் முன்பே வெடிப்பு இருந்த இடங்களில் அந்தப் பச்சை உள்நோக்கி நாக்கு நீட்டியிருக்கும்.

நீங்கள் சொல்லும் காலத்தையும் நிறத்தையும் வைத்துப் பார்த்தால் இது பெரும்பாலும் சிசிஏ. குரோமியம், தாமிரம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த நீர்க்கரைசல். 1933இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சோண்டி காமேசம் உருவாக்கியது, பிறகு உலகம் முழுக்கப் பரவியது. தாமிரம் பூஞ்சையைத் தடுக்கும். தாமிரத்துக்கு அசராத பூஞ்சைகளையும் கரையானையும் ஆர்சனிக் பார்த்துக்கொள்ளும். குரோமியத்தின் வேலை மற்ற இரண்டையும் மரத்தோடு கட்டிப்போடுவது. ஏற்றும்போது அது குரோமியம் ஆறு என்ற, நீரில் கரையும் நச்சு நிலையில் இருக்கும். மரத்தின் சர்க்கரையும் லிக்னினும் அதைக் குரோமியம் மூன்றாக மாற்றும்போது மூன்று உலோகங்களும் எளிதில் கரையாத சேர்மங்களாக மரத்தின் செல்சுவரில் படிந்துவிடும். வெதுவெதுப்பான காலத்தில் இதற்குச் சில வாரம் ஆகும், குளிரில் இன்னும் இழுக்கும்.

அந்தக் கட்டு இருப்பதால் மழை மெதுவாகத்தான் கழுவுகிறது. ஓரளவு கசிந்து கம்பத்தடி மண்ணில் சேர்ந்திருக்கும், ஆனால் பெரும்பகுதி இன்னும் உள்ளேயே. இத்தனை வருஷம் மண்ணில் நின்றும் மரம் உளுத்துப் போகவில்லை என்பதே அதற்குச் சாட்சி.

ஜூன் 4

அளவு தெரியாமல் பேசினால் பயமுறுத்துவது போல இருக்கும், அதனால் கணக்கு.

நிலத்தில் ஊன்றும் மரத்துக்கு வழக்கமான ஏற்றம் கன மீட்டருக்கு 6.4 கிலோ, ஆக்சைடு எடையாக. சிசிஏ-சி வகையில் குரோமிய ஆக்சைடு 47.5 சதவீதம், தாமிர ஆக்சைடு 18.5, ஆர்சனிக் ஆக்சைடு 34. தனிமமாக மாற்றினால் ஒரு கன மீட்டர் மரத்தில் குரோமியம் சுமார் 1.6 கிலோ, ஆர்சனிக் 1.4 கிலோ, தாமிரம் 0.95 கிலோ.

10 செ.மீ. சதுரமும் 2 மீட்டர் நீளமும் உள்ள கம்பம் 0.02 கன மீட்டர். ஆர்சனிக் 28 கிராம். கம்பத்தின் எடை 10 கிலோ அளவில் இருக்கும். மருந்தேறாத 10 கிலோ பைன் எரிந்தால் மிஞ்சும் சாம்பல் ஏறக்குறைய 50 கிராம். இந்தக் கம்பத்தில் ஏறிய மருந்தோ 128 கிராம். சாம்பலில் மரத்தின் பங்கைவிட மருந்தின் பங்குதான் அதிகம் என்று ஆகிறது.

ஆர்சனிக்கில் ஒரு பங்கு ஆவியாகிப் புகையோடு போகும், மீதி சாம்பலில் தங்கும். குரோமியத்தில் ஒரு பங்கு நெருப்பில் மறுபடி குரோமியம் ஆறாகத் திரும்பும். மரத்துக்குள் கட்டுண்டு கிடந்தது நீரில் கரையும் பொடியாகிவிட்டது. உப்புச் சுவைக்காக இந்தச் சாம்பலை நக்கி மாடுகள் செத்திருக்கின்றன.

இன்னொன்று. சிசிஏ மரத்தில் சுடர் அணைந்த பிறகும் தணல் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். தாமிரமும் குரோமியமும் கரி எரிவதைத் தூண்டுகின்றன. புல்தீ ஒன்று கம்பத்தடியைத் தொட்டுவிட்டுப் போகும், மேல்கருகல் மட்டும் தெரியும். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் கம்பம் அடியோடு தீர்ந்து விழுந்திருக்கும். மருந்தேறாத கம்பம் அதே தீயில் கருகித் தப்பிவிடும். தீ பட்ட வேலியைச் சுத்தம் செய்பவர்கள் சாம்பலை ஈரமாக்கி, கையுறையோடு அள்ளி, மூடிய டப்பாவில் போட வேண்டும். துடைப்பத்தால் கூட்டக் கூடாது.

ஜூன் 5 (நேற்றைய கணக்குக்குத் திருத்தம்)

28 கிராம் என்றது கூடுதல். 6.4 கிலோ என்பது கம்பம் முழுவதற்குமான சராசரி இல்லை, சோதனைக்கு எடுக்கும் வெளி அடுக்குக்கான அளவு. அறுத்த சதுரக் கம்பத்தில் பாதி வைரமாக இருந்தால் உள்ளே இருப்பதும் ஏறக்குறைய பாதிதான். உருட்டுக் கம்பத்தில் சுற்றிலும் வெள்ளை இருப்பதால் முழுக்கணக்குக்கு நெருங்கும். பாதியாக வைத்தாலும் 14 கிராம் ஆர்சனிக், பாத்திக்குப் போகிற சமாசாரம் இல்லை.

வைரத்தில் ஏன் ஏறாது? செல்லுக்கும் செல்லுக்கும் இடையே உள்ள நுண்துளைகள் வைரமாகும்போது அடைபட்டுப் போகின்றன, பிசினும் சேர்ந்து வழியை மூடுகிறது. மருந்தேற்றும் முறை 1838இல் ஜான் பெத்தல் காப்புரிமை பெற்றதன் தொடர்ச்சிதான்: உருளைக்குள் மரத்தை அடுக்கி அரை மணி நேரம் வெற்றிடம், பிறகு கரைசலை நிரப்பிச் சதுர சென்டிமீட்டருக்கு 10 முதல் 14 கிலோ அழுத்தம், மரம் உறிஞ்சுவது நிற்கும் வரை. கடைசியில் சொட்டு நிற்க மறுபடி வெற்றிடம். இவ்வளவு செய்தும் பல மரங்களின் வைரத்தில் சில மில்லிமீட்டர்தான் போகும். அதற்காகச் சில மரங்களில் வரிசையாகக் கத்திக்கீறல் போட்டு ஏற்றுகிறார்கள். அந்தக் கீறலால் மரத்தின் பலம் கொஞ்சம் குறையும், வடிவமைக்கும்போது அதற்கும் இடம் விட வேண்டும்.

இதன் பின்விளைவு ஒன்றை உங்கள் குவியலிலேயே பார்க்கலாம். வெளியே கெட்டியாக இருக்கும் கம்பத்தைச் சுத்தியலால் தட்டினால் சில இடத்தில் பொத்தென்று சத்தம் வரும். அங்கே வளையம் நிற்கிறது, நடுவில் உளுத்துவிட்டது. ஊன்றிய பிறகு விட்ட வெடிப்போ, மருந்து பூசாமல் விட்ட அறுப்பு முகமோ பூஞ்சைக்கு வழி திறந்திருக்கும்.

ஜூன் 6

"சிசிஏதான் என்று எப்படி உறுதி செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாமிரத்துக்கு எளிய சோதனை குரோம் அசுரால் எஸ். அரை கிராம் சாயம், 5 கிராம் சோடியம் அசிட்டேட், அரை லிட்டர் நீர். புதிதாக அறுத்த, உலர்ந்த முகத்தில் தடவினால் தாமிரம் உள்ள இடம் கருநீலமாகும். பான் என்ற சாயமும் உண்டு. 0.05 கிராமை 100 மி.லி. மெத்தனாலில் கரைத்துத் தடவினால் தாமிரம் உள்ள இடம் கருஞ்சிவப்பு, இல்லாத இடம் ஆரஞ்சு.

இரண்டுமே தாமிரத்தை மட்டும்தான் சொல்லும். ஆர்சனிக் இல்லாத புதிய தாமிர மருந்துகளும் இதே நிறத்தைத்தான் காட்டும். ஆர்சனிக்கைச் சந்தேகமின்றிப் பார்க்க வேண்டுமானால் எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி, கையில் பிடிக்கிற வகை, சில நொடியில் சொல்லிவிடும். பெரிய மறுசுழற்சிக் களங்களில் இருக்கும். கருவி இல்லாவிட்டால் காலத்தை வைத்து முடிவெடுங்கள். அமெரிக்காவில் 2003 இறுதியோடு வீட்டுப் பயன்பாட்டிலிருந்து சிசிஏ விலக்கப்பட்டது, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004இல் கட்டுப்பாடு வந்தது. வேறு பல நாடுகளில் கம்பத்துக்கும் வேலிக்கும் இன்றும் வருகிறது. தாமிரம் உண்டு என்று தெரிந்து, வயது தெரியாவிட்டால் சிசிஏ என்றே கையாள வேண்டும்.

எரித்துப் பச்சைச் சுடர் வருகிறதா என்று பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. அது சோதனையே ஆகாது. தாமிரத்துக்கும் பச்சை, போரானுக்கும் பச்சை. புகையை முகர்ந்ததுதான் மிச்சம்.

ஜூன் 8

இழைப்பது பற்றி. வெளுத்த மேல்தோலை எடுத்தால் கீழே இருப்பது மருந்து குறையாத மரம். அதாவது இழைத்த பலகை பழையதைவிட அதிகம் கசியும், சீவலும் தூளும் கூடவே வரும். முடிந்தவரை இழைக்காமல், இருக்கிற நீளத்திலேயே வெளி வேலைக்குப் பயன்படுத்துங்கள். வேலிக்கு வேலியாக, தாங்குசுவருக்குத் தாங்குசுவராக.

அறுத்தே ஆக வேண்டுமென்றால் வெளியில், தார்பாய் விரித்து, நுண்தூள் முகமூடியும் கையுறையும் போட்டு அறுக்க வேண்டும். தார்பாயை மடித்துத் தூளைப் பையில் கட்ட வேண்டும். அந்தத் தூள் உரக்குழிக்கும் ஆகாது, மாட்டுக்கொட்டில் படுக்கைக்கும் ஆகாது. வேலைத்துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். சிராய் ஏறினால் உடனே எடுத்துவிடுங்கள், புண் ஆற நாளாகும்.

அறுத்த முகத்தில் தாமிர நாப்தனேட் கரைசலை, தாமிரம் 2 சதவீதம் உள்ளதை, மரம் குடிப்பது நிற்கும் வரை தூரிகையால் பூசுங்கள். மண்ணுக்குள் போகிற முனையாக ஒருபோதும் அறுத்த முனையை வைக்காதீர்கள். ஆலையில் மருந்தேறிய முனை கீழே, அறுத்தது மேலே.

தேனீப்பெட்டி, தீவனத்தொட்டி, கோழிக்கூட்டின் உட்புறம், காய்கறிப் பாத்தியின் விளிம்பு, குழந்தைகள் ஏறி விளையாடும் சட்டம், இவற்றுக்கு எந்தக் காரணத்தாலும் வேண்டாம்.

ஜூன் 9

மேலே விட்டுப்போனது. பழைய மேடைப் பலகையைப் பளிச்சென்று ஆக்கப் பிளீச்சிங் கரைசல் ஊற்றிவிடாதீர்கள். சோடியம் ஹைப்போகுளோரைட் குரோமியம் மூன்றை மறுபடி குரோமியம் ஆறாக்கும். ஆக்சாலிக், சிட்ரிக் அமிலம் கலந்த வெளுப்பான்கள் உலோகங்களைக் கரைத்து வெளியே கொண்டுவரும். சோப்பு நீரும் மென்மையான தூரிகையும் போதும். அழுத்த நீர்ப்பீச்சும் உப்புத்தாளும் வேண்டாம். காய்ந்த பிறகு மரத்துக்குள் ஊறும் எண்ணெய் வகைப் பூச்சு. அது கையில் ஒட்டும் ஆர்சனிக்கைக் குறைக்கும், ஓரிரு வருஷத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். தோலாகப் படியும் பெயின்ட் உரியும், உரித்துச் சுரண்டும்போது மரத்தூளும் சேர்ந்து வரும்.

ஜூன் 12

"புதிய மருந்துகளில் ஆர்சனிக் இல்லையே, அவற்றை எரிக்கலாமா?"

இல்லை. புதியவற்றில் ஒன்றான ஏசிக்யூ-டி வகையில் மூன்றில் இரண்டு பங்கு தாமிர ஆக்சைடு, ஒரு பங்கு குவாட் என்ற அம்மோனிய வகைப் பூஞ்சைக்கொல்லி. அதே 6.4 கிலோ ஏற்றத்தில் தாமிரம் மட்டும் கன மீட்டருக்கு 3.4 கிலோ, சிசிஏவைப் போல மூன்றரை மடங்கு. கட்டிப்போடக் குரோமியமும் இல்லாததால் கசிவதும் அதிகம். எரிந்தால் அத்தனை தாமிரமும் சாம்பலில். குவாட் குளோரைடு வடிவில் இருந்தால் குளோரினும் தாமிரமும் ஒரே நெருப்பில் சேரும், டையாக்சின் என்ற கொடிய நஞ்சு உருவாகத் தாமிரம் வினையூக்கி. ஆர்சனிக் போனது பெரிய நன்மை, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. அடுப்புக்கு மட்டும் அது வந்துசேராது.

பயன்பாட்டிலும் வேறுபாடு உண்டு. தாமிரம் அதிகம், குரோமியத்தின் துருத்தடுப்பு இல்லை, கரைசல் காரம். சாதாரண ஆணியும் மின்முலாம் பூசிய திருகும் ஈரமான இடத்தில் சீக்கிரம் அரிபடும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஆணி, இல்லையென்றால் துருப்பிடிக்காத எஃகு. அலுமினியத் தகடு நேரே மரத்தைத் தொடக் கூடாது. பழைய மேடையைப் பிரிக்கும்போது திருகின் தலை மட்டும் கையோடு வந்து தண்டு மரத்திலேயே தங்கினால் இதுதான் நடந்திருக்கிறது. அந்த மரத்தை ரம்பத்துக்குக் கொண்டுபோகும் முன் காந்தத்தால் ஒருமுறை தடவிப் பாருங்கள்.

ஜூன் 13

போரேட் (போரான் உப்பு மருந்து) பற்றிக் கேட்ட இன்னொருவருக்கு. வெண்காரம் 60, போரிக் அமிலம் 40 என்ற எடை விகிதம், தனித்தனியாகக் கரைவதைவிடச் சேர்த்தால் நன்றாகக் கரையும். உலர்ந்த மரத்தை முக்கினால் மேலோடு நின்றுவிடும். உலராத மரத்தை, அறுத்த ஈரத்தோடு, 20 முதல் 30 சதவீத வெதுவெதுப்பான கரைசலில் முக்கி, நெருக்கமாக அடுக்கி, பாலித்தீன் போர்த்தி வைத்தால் ஈரத்தின் வழியாக உப்பு உள்ளே நடந்து போகும். 25 மி.மீ. பலகைக்கு ஒரு மாதம் விடலாம். வைரத்துக்குள்ளும் ஓரளவு போகும் மருந்து இது.

உள்ளே நடந்து போனது மழையில் வெளியேயும் நடந்து போகும். கூரைக்குக் கீழே மட்டும் பயன்படுத்துங்கள்.

இருக்கிறதா என்று பார்க்க மஞ்சள் தூள் போதும். 10 கிராம் மஞ்சள் தூளை 90 கிராம் எத்தனாலில் குலுக்கி வடித்தது முதல் கரைசல். 20 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எத்தனாலில் சேர்த்து 100 மி.லி. ஆக்கி, 13 கிராம் சாலிசிலிக் அமிலம் கரைத்தது இரண்டாவது. முதலாவதைத் தடவிக் காயவிடுங்கள். மரம் மஞ்சளாக நிற்கும். அதன்மேல் இரண்டாவதைச் சொட்டினால் போரான் உள்ள இடம் சில நிமிடத்தில் குங்குமச் சிவப்பாகும், இல்லாத இடம் மஞ்சளாகவே இருக்கும். பலகையின் குறுக்கு முகத்தில் செய்தால் மருந்து எத்தனை மில்லிமீட்டர் போயிருக்கிறது என்று அளவுகோலால் அளக்கலாம். அடர் அமிலம் என்பதால் கண்ணாடியும் கையுறையும் அவசியம்.

கழிவு என்று பார்த்தால் சிசிஏ அளவுக்குப் பயமில்லை. ஆனாலும் போரான் செடிக்குத் துளி அதிகமானால் இலை ஓரம் கருகும். தூளையும் சாம்பலையும் தோட்டத்தில் போடாதீர்கள்.

ஜூன் 16

உப்பே ஏற்றாமல் மரத்தையே மாற்றும் வழிகள். கடைசியில் எங்கே போகும் என்று முதலிலேயே யோசிப்பவர்களுக்கு இவை நல்லவை.

வெப்பமேற்றிய மரம்: நீராவிக்குள், காற்றுப் படாமல், பைன் என்றால் வெளி வேலைக்கு 212 டிகிரி செல்சியஸ் வரை இரண்டு மூன்று மணி நேரம். ஈரம் இழுக்கும் ஹெமிசெல்லுலோஸ் சிதைகிறது. ஊதிச் சுருங்குவது பாதியளவு குறையும். விலை என்னவென்றால் நொறுங்கும் தன்மை. வளைவு பலம் 10 முதல் 30 சதவீதம் குறையும், முனைக்கு அருகே துளை போடாமல் திருகினால் பிளக்கும். உத்தரத்துக்கும் மண்ணில் ஊன்றவும் ஆகாது. தீர்ந்த பிறகு சாதாரண மரம் போல எரிக்கலாம், மேலே எதுவும் பூசாமல் இருந்தால்.

அசிட்டிலேற்றிய மரம்: அசிட்டிக் அன்ஹைட்ரைடு மரத்தின் நீர்விரும்பும் இடங்களை நிரப்பிவிடும், எடை ஏறக்குறைய 20 சதவீதம் கூடும். பூஞ்சைக்கு நஞ்சு எதுவும் இல்லை, குடிக்கத் தண்ணீர்தான் இல்லை. பலம் பெரிதாகக் குறையாது. மிச்சமிருக்கும் அசிட்டிக் அமிலத்தால் சாதாரண ஆணி கறுக்கும், துருப்பிடிக்காத எஃகு மட்டும். அறுக்கும்போது காடி வாசம் வரும். பழைய குவியலில் இதை இனம் காண அந்த வாசமே நல்ல அடையாளம்.

ஜூன் 18

ரயில் ஸ்லீப்பர் கட்டைகள். கிரியோசோட், நிலக்கரித் தாரிலிருந்து வடித்தது. வெயிலில் கறுப்பாக ஊறி வழியும். தோலில் பட்டு அதன்மேல் வெயில் பட்டால் எரிச்சல் கொப்புளம் வரை போகும். தோட்டத்துக்கும் வீட்டுக்குள்ளும் வேண்டாம். உலோகம் இல்லாததால் தொழிற்சாலை உலையில் நன்றாக எரியும், புகை சுத்திகரிப்பும் போதிய வெப்பமும் இருந்தால். வீட்டு அடுப்பின் வெப்பத்தில் பாதி எரிந்த பல்வளையச் சேர்மங்கள் புகையாகும், அவற்றில் புற்றுநோய் உண்டாக்குபவை உண்டு.

பழைய மின்கம்பங்களில் பென்டாகுளோரோபீனால் இருக்கலாம். 2015இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் சேர்ந்தது. எரித்தால் டையாக்சின். எண்ணெய் ஊறிய பழுப்புக் கம்பம், எது என்று தெரியவில்லை என்றால் தொடாமல் விடுவதே சரி.

ஜூன் 21

சரக்குப் பலகைத் தட்டுகள் (பேலட்) பற்றிப் பலரும் குழம்புகிறார்கள். முத்திரையில் எச்டி (HT) என்றிருந்தால் மையப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடானது. பூச்சியைக் கொல்ல மட்டும், மரத்தின் குணம் மாறாது, மழையில் வைத்தால் உளுக்கும். எம்பி (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயுவால் புகையிட்டது. அதைத் தச்சு வேலைக்கும் விறகுக்கும் எடுக்காதீர்கள். எச்டி இருந்தாலும் மேலே என்ன கொட்டியிருக்கிறது என்று கறையைப் பாருங்கள். முத்திரை அதைச் சொல்லாது.

ஜூன் 24

சரி, உங்கள் குவியல் எங்கே போக வேண்டும்? ஜெர்மனியின் பழமர விதி 2003 முதல் நான்கு வகையாகப் பிரிக்கிறது. ஒன்று, வெட்டி இழைத்தது மட்டும். இரண்டு, பசையும் பெயின்ட்டும் உண்டு, காப்பு மருந்தோ குளோரின் வகைப் பூச்சோ இல்லை. மூன்று, பிவிசி போன்ற குளோரின் பூச்சு உள்ளது. நான்கு, காப்பு மருந்து ஏறியது: ஸ்லீப்பர், கம்பம், வேலி. எந்த நாட்டில் இருந்தாலும் குவியலைப் பிரிக்க இந்த வரிசை உதவும். சந்தேகமானது எப்போதும் நான்கில்.

நான்காவது வகை போகக்கூடிய இடம் இரண்டு. அடியில் தடுப்புவிரிப்பும் கசிவுநீர்ச் சுத்திகரிப்பும் உள்ள குப்பைக்கிடங்கு, அல்லது புகைவடிப்பு உள்ள, இதை ஏற்க அனுமதி பெற்ற எரியாலை. தடுப்பு இல்லாத கட்டடக் கழிவுக் குழியில் கொட்டினால் ஆர்சனிக் நிலத்தடி நீருக்கு நடக்கும். கண்ணால் பார்த்துப் பிரிக்கும் களங்களில் வெளுத்த சிசிஏ மற்ற மரத்தோடு கலந்து தூளாகி, சாயம் ஏறி, தோட்ட மூடாக்காக விற்பனைக்கு வந்திருக்கிறது. கம்பமாக இருந்ததைவிடச் சில்லுகளாக மேற்பரப்பு பல மடங்கு, கசிவும் அப்படியே. அதனால்தான் கொடுக்கும்போதே "மருந்தேறியது" என்று வாய்விட்டுச் சொல்லித் தனிக்கட்டாகக் கொடுங்கள்.

ஜூன் 27

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு. ஆலை தன் சீட்டைப் பலகையின் முனையில் ஆணி அடித்து வைக்கிறது. தச்சர் முதலில் அறுப்பதும் அந்த முனையைத்தான். மருந்தின் பெயர், ஏற்றம், வருஷம் மூன்றும் முதல் நாளே குப்பைக்குப் போகின்றன. சீட்டை அறுக்கும் முன் படம் எடுங்கள். துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் அந்த மூன்றையும் குத்தெழுத்தால் அடித்து, அதே எஃகுத் திருகால், மேடையின் அடிப்பக்கச் சட்டத்தில் நடுநீளத்தில் பொருத்துங்கள். அலுமினியத் தகடு வேண்டாம். ஏன் என்று 12ஆம் தேதிக் குறிப்பில் இருக்கிறது.